அத்தியாயம் 4: கல்லில் தெரியும் பன்னம்

வத்தேகமயிலிருந்து பன்வில வழியாக மடுல்கலைக்கு ஏறும் வீதியில், அடைமழை ஓய்ந்த மறுநாள் மண்திட்டு சரிந்து புதிய பாறைமுகம் வெளியே தெரியும். சரிந்து கிடக்கும் ஒரு துண்டைத் தட்டினால் பழைய வெடிப்பின் வழியே அது இரண்டாகப் பிளக்கலாம். பிளந்த முகத்தில் கன்னங்கரேலென்று ஒரு பன்னச் செடி படர்ந்திருக்கலாம். தண்டு, தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து நூல்போன்ற நுண்கிளைகள். வரைந்தாற்கூட இவ்வளவு நேர்த்தி வராது.

கல் சேகரிப்பில் இறங்கிய எவரும் ஒருநாள் இப்படியொரு கல்லைக் கையில் ஏந்துவார். அதைக் கண்டதும் உடல் சிலிர்ப்பது இயல்பு. ஆனால் அது செடியல்ல, ஒருபோதும் செடியாக இருந்ததுமில்லை. பாறை வெடிப்பில் கசிந்த நீர் மங்கனீசு ஒட்சைட்டைக் கொண்டுவந்து படியவைத்து, அது ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைத்துப் பரவியதால் வந்த கோலம். கைவில்லையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பன்ன இலைக்கு நடுநரம்பும் பக்க நரம்புகளும் உண்டு. இலைக்கென்று தீர்க்கமான விளிம்பும் உண்டு. இந்தக் கறுப்புக் கோலத்தில் நரம்பு இல்லை, விளிம்பு இல்லை, தடிப்பும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இலைச் சுவடு அடையற் படைக்கு நடுவே, படைகளோடு ஒருபோக்காகப் படுத்திருக்கும். இது வெடிப்பில் மட்டுமே இருக்கும், வெடிப்பு எந்தத் திசையில் ஓடினாலும் அதன் கூடவே ஓடும்.

இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு என்றும், தமிழகத்தில் புதைபடிவம் என்றும் வழங்கும் பொருளைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது "இது என்ன?" என்பதல்ல. "இது எந்தப் பாறையில் இருந்தது?" என்பதுதான் முதற் கேள்வி. பன்விலயில் அந்தக் கேள்வியே பாதிப் புதிரை அவிழ்த்துவிடும்.

பன்வில உட்கார்ந்திருப்பது எதன்மேல்?

கண்டி, மாத்தளை, நக்கிள்ஸ் மலைத்தொடர் எல்லாம் இலங்கையின் நடுவே நீளும் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. இவற்றின் மூலப்பொருள் 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கொண்டுவானா நிலம் ஒட்டிக்கொண்ட காலத்தில், இந்தப் பாறைகள் பூமிக்குள் இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் வெந்தன. எலும்பும் ஓடும் உள்ள விலங்குகள் கடலில் பெருகியது அதற்குப் பிறகு. மூலப்பொருள் அடையலாகப் படிந்த காலத்தில் நுண்ணுயிர்கள் இருந்திருக்கலாம். அவற்றின் உருவம் எதுவும் அந்த உலையில் தப்பியிருக்க வழியில்லை. ஆகவே பன்வில மலைப்பாறைக்கு உள்ளேயிருந்து நத்தையோ மீனோ இலையோ கிடைக்காது. இதைச் சோர்வு தரும் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் புதிர்க்கல் பாறையில் ஒட்டியிருந்ததா, மண்ணில் தனியாகக் கிடந்ததா என்று அறிந்த கணத்திலேயே விடை பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தப் பாறைகளை முறையாகப் படித்த முன்னோடிகளில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே தமிழர் அவரை நினைக்கிறார்கள். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை வகித்த புவிச்சரிதவியலாளர். இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றி 1902 இலேயே இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழில் எழுதியவர். 1904 இல் அவர் கைக்கு வந்த கறுப்பான, பாரமான, சதுரமுகி வடிவப் பளிங்குகளை யுரேனினைற்று என்றே முதலில் கருதினார். இலண்டனில் வின்ட்ஹம் டன்ஸ்ரன் இரசாயனப் பகுப்பாய்வு செய்தபோது அதில் தோரியமே மிகுந்திருந்தது தெரிந்தது. உலகம் அறியாத புதிய கனிமம் அது. தோரியனைற்று என்று பெயரிட்டார்கள். தேர்ந்த கண்ணும் தவறும், மாதிரியை இன்னொருவர் சோதனைக்குக் கொடுத்தால் அந்தத் தவறு கண்டுபிடிப்பாகவும் மாறும். கல் சேகரிப்பவர் மனதில் பதிக்க வேண்டிய முதற் கதை இதுதான்.

குமாரசுவாமி எழுதிய அந்தச் சுண்ணாம்புக்கல், அதாவது சலவைக்கல், பன்விலக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. திகன பக்கத்து அகழ்விடங்களில் வெட்டப்படும் டொலமைற்று அதே குடும்பம். தூளாக்கி மூட்டையில் வந்து தேயிலை மலைகளில் தூவப்படுவதும் அத்தகைய கல்தான். அதன் வெள்ளைக்குள் பச்சையும் பழுப்புமாக வரிகள் ஓடும், சில இடத்தில் வளைந்து வளைந்து அடுக்கடுக்காக நிற்கும். பவளத்தை நறுக்கிவைத்தது போலிருக்கும். இதில் மயங்கியவர் சாதாரண ஆளில்லை. கனடாவின் புகழ்பெற்ற புவிச்சரிதவியலாளர் வில்லியம் டோசன், இப்படிப் பச்சையும் வெள்ளையுமாக வரிபோட்ட சலவைக்கல்லைக் கண்டு, உலகின் முதல் விலங்கு இது என்று 1860களில் 'ஈயோசூன் கனடென்சே' எனப் பெயரும் சூட்டினார். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1866 ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்ள்ஸ் டார்வினும் அதைக் குறிப்பிட்டார். முப்பது ஆண்டுகள் விவாதம் நடந்தது. கடைசியில் வெசூவியஸ் எரிமலை வெளியே எறிந்த சுண்ணாம்புக்கற் துண்டுகளில் அதே வரிகள் அப்படியே கிடைத்தன. வெப்பமே அதை வரைந்திருந்தது.

மயக்கும் கற்கள்

நக்கிள்ஸ் அடிவாரத்தில் கிடைக்கும் உருமயக்கங்கள் பலவகை. உருண்டைக் கல் முட்டை அவற்றில் முதலாவது. சார்னொக்கைற்று என்ற கறுத்த, எண்ணெய் மினுக்குள்ள பாறை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் வழவழப்பான உருண்டையை விட்டுவைக்கும். உரியும் தோலை முட்டையோடு என்று நினைப்பவர் அநேகர். முட்டை ஓடு மெல்லிய சீரான சுண்ணப் படலம். கைவில்லையில் நுண்துளைகள் தெரியும். உரியும் தோலில் உள்ளேயிருக்கும் பாறையின் அதே மணிகள்தான் தெரியும். (இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை சுவையானது: கல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறைக்கு மேல் வைத்த கல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தது. அந்தக் கல்லை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் சார்னொக்கின் பெயரையே பாறைக்கு இட்டார்.)

குவாட்ஸ் நரம்பு நெருக்கப்பட்டு இடையிடையே சுருங்கினால் முதுகெலும்புக் கோவை போலாகும். கணுக்கள் ஒரே அளவில் இல்லாததும், உள்ளே சல்லடைத் துளை இல்லாததும் அதைக் காட்டிக்கொடுக்கும். சிலிமனைற்று என்ற கனிமம் நார்நாராக வளர்ந்த பாறை, மரத்துண்டு கல்லானது போலவே கையில் நிற்கும், காரீயமும் அப்படித்தான். இலங்கைக் காரீயம் சில வேளை ஊசியாகவும் நாராகவும் இருக்கும், கரிந்த விறகு என்றே தோன்றும். தாளில் தேய்த்தால் பென்சிலாக எழுதிவிடும். உண்மையான கல்மரத்தை அறிய விரும்புபவர் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கோ, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கோ ஒருமுறை போய்வருவது நல்லது. சாத்தனூரில் 18 மீற்றர் நீளத்துக்கு அடிமரமே கல்லாகக் கிடக்கிறது. கல்மரத்தின் வெட்டுமுகத்தில் மரத்தின் கலங்களின் வரிசை தெரியும். நார்க்கல்லில் பளிங்கின் பளபளப்பு மட்டுமே தெரியும்.

செம்மண்ணில் கிடைக்கும் துருநிறக் குழாய்களும் பலரை ஏமாற்றும். வேரைச் சுற்றி இரும்பு இறுகி, வேர் உக்கிப்போக, குழாய் எஞ்சும். அது அண்மைக்கால வேர். ஆனாலும் ஒரு தடயமே, வீசிவிட வேண்டாம். உலர்ந்த குளவிக் கூடு, தேயிலைத் தொழிற்சாலைச் சூளைக் கசடு, கோழித்தீன் மூட்டையிலிருந்து உதிர்ந்த சிப்பி, கரையோரத்துச் சுண்ணாம்பில் வேகாமல் தங்கிய பவளத்துண்டு என்று மனிதக் கை கொண்டுவந்த பொருட்களும் தோட்டத்து மண்ணில் ஏராளம்.

பல்லும் எலும்பும் கிடைத்தால் கதை வேறு. மாடு, எருமை, மரை, காட்டுப்பன்றி ஆகியவற்றின் பற்கள் மண்ணில் ஐம்பது நூறு ஆண்டு கிடந்தாலே பழுப்பேறிப் பழமை காட்டும். அகன்ற, தகடு தகடாக ஒட்டவைத்தது போன்ற பல் யானையின் கடைவாய்ப்பல். பன்விலயில் அது கிடைத்தாலும் உயிர்ச்சுவடு என்று துள்ள வேண்டியதில்லை: கோப்பித் தோட்டங்கள் வெட்டுவதற்கு முன் மலைநாடெங்கும் யானைகள் உலாவின, 19 ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் வேட்டையில் அவை இங்கு அழிந்தன.

பூசையறையில் ஒரு கடல்

பன்விலயிலும் உண்மையான உயிர்ச்சுவடு இருக்கக்கூடும், மலைப்பாறைக்கு வெளியே. யாத்திரை போய்வந்த ஒருவர் கொண்டுவந்த சாளக்கிராமம் ஒரு வீட்டுப் பூசையறையில் இருந்தால், அதன் உள்ளே சுருண்டிருப்பது அமோனைற்று என்ற கடலுயிரின் ஓடு. நேபாளத்தின் கண்டகி நதி இமயத்துக் கறுப்புக் களிப்பாறையிலிருந்து உருட்டிவருவது. அந்தக் களி, இமயம் எழும்புவதற்கு முன் அங்கிருந்த கடலின் அடித்தளம், யுராசிக் காலத்தது. திருமால் அடியார்கள் அதில் சக்கரத்தைக் கண்டு நூற்றாண்டுகளாகப் போற்றிவருகிறார்கள். அறைகள் வரிசையாகச் சுருண்டு சிறுத்துப்போவதையும், அறைச்சுவர் ஓட்டைச் சந்திக்கும் இடத்தில் நெளிந்த கோடு ஓடுவதையும் கண்டுகொண்டால், அமோனைற்றை வேறெதோடும் குழப்ப முடியாது. இந்தக் கல்லைச் சோதனைக்காக உரசவோ உடைக்கவோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டி நகரத்து ஹோட்டல் தரைகளிலும் வங்கிப் படிகளிலும் பதித்த வெளிநாட்டுச் சுண்ணாம்புக்கற்களில் சிப்பிகளும் நத்தைகளும் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்பதைப் பலர் மிதித்துப் போகிறார்கள். கண்ணைப் பழக்க இதைவிட மலிவான பாடசாலை கிடையாது.

தீவுக்குள்ளேயே தேட விரும்புபவர் மலையை விட்டு இறங்க வேண்டும். பன்னச் சுவடு வேண்டுமா, புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவ இருக்கிறது. அங்கே யுராசிக் காலத்து அடையற்பாறையில் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் உண்மையாகவே பதிந்திருக்கின்றன. 1922 இல் ஆய்வாளர்கள் சிவார்டும் ஹொல்ற்றமும் அவற்றை விவரித்தார்கள். நடுநரம்பும் விளிம்பும் உள்ள பன்னம் எப்படியிருக்கும் என்று அந்த மாதிரிகளை ஒருமுறை பார்த்தவர் கறுப்புக் கோலத்தில் மறுபடி மயங்கமாட்டார். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளத்து அருவக்காலு என்று வடமேற்கே நீளும் சுண்ணாம்புக்கல் மயோசின் காலத்துக் கடலடி. அதில் நத்தை, சிப்பி, சுறாப்பல், கடற்பசு எலும்பு எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குத் தோண்டிய கல்லில் சிப்பி அச்சு இருந்தால் வியப்பில்லை. அதே அச்சு பன்விலத் தோட்டத்தில் கிடைத்தால் லொறி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது இடம் இரத்தினபுரி. அங்கே மாணிக்கக் குழிகளில் தோண்டப்படும் பரற்படையைச் சிங்களத்தில் 'இல்லம' என்பார்கள். தமிழ்க் காதுக்கு வீடு என்று கேட்கும் சொல். அந்தப் படையில், மாணிக்கத்துக்காகச் சேற்றை அலசும்போது, நீர்யானை, காண்டாமிருகம், காட்டெருது ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் கறுத்துப் பாரமேறி வெளிவந்தன. 1930கள் முதல் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி விவரித்தார். 1939 இல் குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார். இன்று சிங்கம் இல்லாத தீவில் சிங்கப்பல் என்பதே புதிர்தான். அதைவிடப் பெரிய புதிர் பிறகு வந்தது. 1962 இல் இரத்தினபுரிப் பக்கத்தில் கிடைத்த ஒரு கீழ்த்தாடைப் பல்லையும், 1982 இல் குருவிட்டவுக்கு அருகே கிடைத்த ஒரு விரலெலும்பையும் ஆராய்ந்த மனமேந்திர ஆராச்சியும் கூட்டாளிகளும் அவை புலியினுடையவை என்று 2005 இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 16,500 ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் புலி நடமாடியது என்பது அப்போதுதான் உறுதியானது. இடம் தெரியாமல் யாரோ ஒருவரின் தகர டப்பாவில் அந்தப் பல் கிடந்திருந்தால் இந்த வரலாறு இல்லை.

மேசைமேல் நடக்கும் சோதனை

வீட்டில் செய்யக்கூடியவை அதிகமில்லை, ஆனால் பயனுள்ளவை. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். பொருளைக் காலை வெயிலில் சாய்வாகப் பிடித்தால் மேடுபள்ளம் நிழலாக எழும். நேரே வெளிச்சம் பட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். எலும்பாக இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் உடைந்த முனையைப் பார்க்க வேண்டும்: வெளியே அடர்ந்த கோது, உள்ளே சல்லடை. நுண்துளையுள்ள பொருளில் வைத்த நீர்த்துளி உடனே உறிஞ்சப்படும்; சிலர் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், மண்ணில் கிடந்த பொருளுக்கு அது நல்லதல்ல. களிமண்கட்டியும் நீரை உறிஞ்சும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. சுண்ணக்கல்லோ என்று அறிய, மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு வினாகிரி விட்டால் கல்சைற்று நுரைக்கும். டொலமைற்று தூளாக்கினால்தான் மெல்ல நுரைக்கும்.

பழுத்த ஊசியால் குத்துவது, அமிலத்தில் ஊறவைப்பது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது மூன்றையும் விலக்க வேண்டும். நெயில்பொலிஷ் பூசுவதை இங்கே மிகுந்த கவலையோடு குறிப்பிட வேண்டும்: பளபளப்புக்காகப் பூசிய மெருகால் பிறகு ஆய்வாளர் செய்ய வேண்டிய சோதனைகள் கெட்டுவிடும்.

சமச்சீர் ஒன்றே உயிருக்குச் சாட்சி என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். அண்மைக்கால நிகழ்வு ஒன்று இதற்குப் போதும். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகைக் கூரையில் தெரிந்த, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் வரிபோட்ட இலை வடிவத்தை, 55 கோடி ஆண்டுக்கு முந்திய டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் சுவடு என்று ஆய்வாளர் கிரெகரி ரெட்டலக் குழு 2021 இல் வெளியிட்டது. உலகச் செய்தியானது. ஜோசப் மீர்ட் தலைமையிலான குழு நேரில் போய்ப் பார்த்தபோது அந்த 'உயிர்ச்சுவடு' பாறையைவிட்டு உரியத் தொடங்கியிருந்தது. பக்கத்திலேயே மலைத்தேனீக்களின் அடைகள். அது உக்கிய தேனடையின் எச்சம் என்று 2023 இல் எழுதினார்கள். ரெட்டலக்கும் அதை ஏற்றுக்கொண்டார், அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். நக்கிள்ஸ் செங்குத்துப் பாறைகளிலும் அதே தேனீ அடை கட்டுகிறது. கைக்கு எட்டாத உயரத்தில் தெரியும் வடிவத்தைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

எழுதிவைத்தது மட்டுமே மிஞ்சும்

2020 ஒக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்ற செய்தி ஒரே நாளில் பரவியது. புவியியலாளர் பார்த்துச் சொன்னது: அவை கடலடியில் அமோனைற்றைச் சுற்றி இறுகிய திரட்சிக் கற்கள். முட்டை இல்லாவிட்டாலும் அவை பத்து கோடி ஆண்டுக்கு அண்மித்த கடலின் சாட்சிகள்.

டைனோசர் எலும்பு அந்தப் பக்கத்தில் உண்மையாகவே கிடைத்ததும் உண்டு. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கண்டெடுத்த இராட்சத எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் 'புருகத்காயோசோரஸ்' என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு மட்டும் இரண்டு மீற்றர். அத்தனை பெரிதா, கல்மரத்தை எலும்பென்று எண்ணிவிட்டார்களா என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். அவர்களுக்கு எடுத்துக்காட்ட எலும்பு இல்லை. முறையாகக் காப்பதற்கு முன்பே அவை நொறுங்கிப்போயிருந்தன. 2022 இல் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் பழைய களப்படங்களைத் தேடியெடுத்து வெளியிட்ட பிறகே அது எலும்பு என்ற பக்கம் வலுப்பெற்றது. ஓர் உயிரினத்தின் இருப்பே சில பழைய படங்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே புதிர்ப்பொருள் தெரிந்ததும் கையை நீட்டுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும்: தூரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று, பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று. அடிமட்டம் இல்லையென்றால் ஐந்து ரூபாய்க் காசு. பிறகு இடம், திகதி, மேற்பரப்பிலா ஆழத்திலா, பாறையோடு ஒட்டியா தனியாகவா என்று குறிப்பு. பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, குறிப்பையும் உள்ளேயே வைத்துக் கட்ட வேண்டும். கொப்பி ஒரு பக்கமும் கல் இன்னொரு பக்கமும் போனால் இரண்டும் வீண்.

எடுத்துவரலாமா என்பது அடுத்தது. நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்குள்ளிருந்து எதையும் எடுக்க முடியாது. 2010 முதல் அது மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியுமாகும். தோட்ட நிலமென்றால் நிருவாகத்திடம் கேட்க வேண்டும். குகைத்தரையில் எலும்போடு செதுக்கிய கற்கருவியோ சட்டித்துண்டோ தெரிந்தால் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தத் திகதிக்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்று 1940 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது; அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

கல்லை அறிய பன்விலக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை அங்கே இருக்கிறது. முன்கூட்டியே படமும் குறிப்பும் அனுப்பிவிட்டுப் போவது நல்லது. எலும்பும் பல்லும் என்றால் கொழும்புத் தேசிய நூதனசாலை. ஒப்பிட்டுப் பார்க்க இரத்தினபுரி நூதனசாலையில் மாணிக்கக் குழி உயிர்ச்சுவடுகள் காட்சிக்கு இருக்கின்றன. போகிறவர் "இது டைனோசர்" என்று தொடங்காமல், கிடைத்த இடத்தைச் சொல்லித் தொடங்கினால் பேச்சு நீளும்.

மடுல்கலை வீதியில் கிடைத்த அந்தக் கறுப்புப் பன்னத்தையும் வீச வேண்டாம். அதற்கும் ஒரு சிட்டை ஒட்டலாம்: "பன்வில–மடுல்கலை வீதி, மண்சரிவு, பாறை வெடிப்பு முகத்தில். மங்கனீசு ஒட்சைட்டுக் கிளைக்கோலம். நடுநரம்பு இல்லை. உயிர்ச்சுவடு அல்ல." கீழே திகதியும் கையெழுத்தும்.